போஞ்சு பிலாத்தின் மைனி

எங்கள் ஊரில் எனக்கு வட்டப்பெயர் போஞ்சி. தேங்காய்ப்பட்டணத்துக்கு அடுத்த கடற்கரை ஊர் எங்களுடையது. வட்டப்பெயர் இல்லாத ஆண்பிள்ளை அங்கே கிடையாது, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் வலையும் கயிறும் விற்கிற கடை முன்னால் வெளியூர்க்காரன் வண்டியை நிறுத்தி, "இதுதானா போஞ்சி கடை? உப்புப் போட்டு ரெண்டு கிளாஸ்" என்று கேட்டால் யாருக்கும் எரிச்சல் வரும். எங்கள் பக்கம் போஞ்சி என்றால் எலுமிச்சம்பழச் சாறு. இந்தப் பெயரை எனக்கு வாங்கித் தந்த புண்ணியவதி என் அண்ணன் மனைவி, என் மைனி.

மைனி கடற்கரைக்காரி அல்ல. பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்து வீட்டுப் பெண். கிறிஸ்தவர்கள்தான், ஆனால் வேறு சபை. பள்ளிக்கூடத்தில் அவள் வரலாறு நடத்தினாள், அண்ணன் பக்கத்து வகுப்பில் கணக்கு நடத்தினான். வரலாறும் கணக்கும் எப்படியோ கல்யாணத்தில் முடிந்து, எங்கள் கோயிலுக்கு வந்து சேர்ந்தாள். முதல் ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லோரும் எழுந்து விசுவாச மந்திரம் சொன்னோம். "போஞ்சு பிலாத்தின் அதிகாரத்தில் பாடுபட்டு" என்ற இடம் வந்ததும் புதுப்பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அம்மா பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் விசாரணை.

"மன்னிச்சிருங்க மாமி. போஞ்சு பிலாத்துன்னு கேட்டதும், அவன் எலுமிச்சங்கா பிழிஞ்சிட்டு நிக்க மாதிரி ஒரு தோணல்" என்றாள் மைனி. அம்மா முகம் போன போக்கைப் பார்த்து விளக்கமும் கொடுத்தாள். பிலாத்து ஆண்டவரைச் சிலுவையில் அறையத் தீர்ப்புச் சொன்ன ரோமை தேசாதிபதி. போஞ்சு அவனுடைய குடும்பப் பெயராம். போர்த்துக்கீசுச் சாமியார்மார் வாயில் நுழைந்து நம் வாயில் வெளியே வரும்போது போஞ்சு ஆகிவிட்டதாம். அதோடு விட்டாளா? "ஆனா ஒண்ணு மாமி. எங்க சபையில 'பிலாத்துவின் காலத்தில்'னு சொல்லுவோம். உங்களுக்கது 'அதிகாரத்தில்'. உங்களுக்கதுதான் சரி. காலம் யாரையும் ஆணியடிச்சுக் கொல்லாது."

புதுப்பெண் வந்த கையோடு மாமியாருக்கு மதிப்பெண் போடுகிறாள்! அம்மா கொஞ்ச நாள் அவளிடம் மீன் குழம்பைப் பற்றி மட்டும்தான் பேசினாள்.

ஆனால் அது ஏதோ அன்றைக்கு வாய்தவறி வந்த பேச்சு அல்ல. வாழ்நாள் முழுக்க மைனிக்கு ஒரே கேள்விதான். எந்தக் கதையைச் சொன்னாலும், "அப்ப அதிகாரம் யாருக்க கையில இருந்திச்சு?" என்று கேட்பாள். பதில் சொல்லாமல் நகர முடியாது. சொன்னாலும் நகர முடியாது.

கிறிஸ்துமஸ் குடில் போட்டியில் அண்ணன் வீட்டுக்கு ஒரு வருடமும் பரிசு கிடைத்ததில்லை. மாட்டுத்தொழுவத்து வாசலில் மைனி ஒரு பிளாஸ்டிக் பட்டாளத்துக்காரனை நிறுத்தியிருப்பாள். துப்பாக்கியை ஒடித்துவிட்டு, கையில் ஈர்க்குச்சியால் ஈட்டி செருகியிருப்பாள். நடுவராக வந்த பங்குச்சாமியார் குனிந்து பார்த்தார்.

"டீச்சர், இது யாரு?"

"ரோமைச் சேவுகன், சாமி."

"பெத்லகேம்ல இவனுக்கு என்ன வேலை?"

"நல்லாருக்கே! எல்லாவனும் சொந்த ஊருக்குப் போய்க் குடிமதிப்புல பேரு பதியணும்னு ரோமை ராயன் உத்தரவு போட்டதுனாலதானே நெறமாசப் பிள்ளத்தாச்சி அம்புட்டு தூரம் போனா? ஆடு நிக்குது, மாடு நிக்குது, ஒட்டகம் நிக்குது. போக வச்சவன் மட்டும் நிக்காண்டாமா?"

சாமியார் சிரித்துக்கொண்டே போய் அடுத்த வீட்டுக் குடிலுக்குப் பரிசு கொடுத்தார். அங்கே சீரியல் லைட் நன்றாக எரிந்தது.

பேதுரு பவுல் திருநாளுக்குச் சப்பரம் எடுத்து வருகிறோம். பவுல் சுரூபத்தின் கையில் வாள் இருக்கும். கும்பிட்டு நின்ற ஒரு பெரியம்மா, "வாளெடுத்து சண்டை போட்ட புனிதராக்கும்" என்று பக்கத்தில் யாரிடமோ சொல்லித் தொலைத்தாள். மைனி காதில் அது விழ வேண்டுமா? "அது அவரு பிடிச்ச வாள் இல்ல பெரியம்மா. அவருக்க கழுத்தை வெட்டுன வாள்" என்று ஆரம்பித்தாள். "பேதுருவை ரோமைக்காரன் சிலுவையில அடிச்சான். பவுலுக்கு வாளால ஒரே வெட்டு. ஏன்? பவுலு ரோமைக் குடிமகன். குடிமகனைச் சிலுவையில அடிக்கக் கூடாது. ரெண்டு பேரும் யூதரு, ரெண்டு பேரும் கும்பிட்டது ஒரே ஆளை. ஒருத்தருக்கு பாஸ்போர்ட் உண்டு, இன்னொருத்தருக்கு இல்ல. அதனால சாவுலயும் ரெண்டு தரம்."

குவைத்தில் இருந்து லீவுக்கு வந்து சப்பரத்துக்குத் தோள் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பையன், "அங்கயும் அப்படித்தான் டீச்சர்" என்று அந்த இடத்திலேயே நின்றுவிட்டான். அவன் நின்றதால் சப்பரம் நின்றது. சப்பரம் நின்றதால் ஊர்வலம் நின்றது. பேண்டு வாத்தியக்காரர்கள் அடித்த பாட்டையே திரும்பத் திரும்ப அடித்தார்கள்.

இன்னொரு நாள் ஒரு வீட்டில் செபமாலை. முடிவில் ஒரு அக்கா உருகி உருகி மன்றாடினாள், யூதப் பாவிகள் கையில் மாதாவின் மகன் பட்ட பாடு என்று. ஆமென் சொல்லி முடிக்கவில்லை. "மாதா பின்ன யாருன்னு நினைச்சீங்க? யூதப் பொம்பளயாக்கும். ஓய்வுநாள்னு சனிக்கிழமை அடுப்பு பத்த வச்சிருக்க மாட்டா. பன்னி இறச்சியைக் கையால தொட்டிருக்க மாட்டா" என்றாள் மைனி. அன்றைக்கு அந்த வீட்டில் செபத்துக்குப் பிறகு பன்றிக்கறியும் அப்பமும் வைத்திருந்தார்கள். யாருக்கும் தொண்டைக்குள் இறங்கவில்லை. மைனி மட்டும் இரண்டாவது தடவையும் கறி வாங்கிச் சாப்பிட்டாள்.

போன மழைக்காலத்தில் மைனி தவறிப்போனாள். இறந்துபோனவளைக் குறை சொல்லலாமா என்று அண்ணன் என்னை முறைக்கிறான். சொல்லாமல் எப்படி இருக்க? முழுக்கச் சொல்லாமல் எனக்கு ஆறவும் ஆறாது.

பெரிய வெள்ளிக்கிழமை நாடகத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் பாட்டன் காலத்திலிருந்து கோயில் முன்னால் மணலில் மேடை போட்டு ஆண்டவருடைய பாடுகளை நடிக்கிறோம். நான்தான் அதை நடத்துகிறவன், நான்தான் பிலாத்து. அதனால்தான் மைனி என்னைப் போஞ்சி என்று கூப்பிட ஆரம்பித்து, ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. ஆனால் என் பிலாத்து சாதாரணப் பிலாத்து அல்ல. நல்ல மனிதன். இவர் குற்றமற்றவர் என்று தழுதழுப்பான். இந்தப் பழியில் எனக்குப் பங்கில்லை என்று பித்தளைக் கிண்ணத்தில் கை கழுவும்போது கண்ணில் தண்ணீர் வரும். முன்வரிசைப் பெண்கள் விசும்புவார்கள். மஸ்கட்டிலிருந்தும் தோகாவிலிருந்தும் லைவ் பார்த்துவிட்டு, பிலாத்து கலக்கிட்டாரு என்று எழுதுவார்கள்.

கைப்பாஸ் என்கிற யூதத் தலைமைக்குருவாக நடிப்பவன் என் கூட்டாளி, வள்ளங்களுக்கு அவுட்போர்டு எஞ்சின் பழுது பார்க்கிற மெக்கானிக். அவனுக்கும் அவனோடு நின்று கத்துகிற யூதர் கூட்டத்துக்கும் வேறு மரியாதை. அவர்கள் சிலுவையில் அறையச் சொல்லிக் கத்த ஆரம்பித்ததும், பார்க்கிற சனம் காலடி மணலை அள்ளி, "யூதப்பயலே!" என்று மேடைமேல் எறியும். அது ஒரு வழக்கம். கிழவிகள் பக்தியாக எறிவார்கள், இளவட்டங்கள் குறி பார்த்து எறிவார்கள். மெக்கானிக்குக்கு ஏற்கெனவே ஒரு கண் கிடையாது, வாலிபத்தில் தூண்டில் முள் இழுத்துக் கொண்டுபோய்விட்டது. ஒரு வருடம் மணலோடு வந்த சிப்பித்துண்டு ஒன்று மிச்சமிருந்த கண்ணுக்கு மேலே புருவத்தைக் கிழித்தது. நாகர்கோவில் டாக்டர் தையல் போட்டுவிட்டு, கொஞ்சம் கீழே இறங்கியிருந்தால் இந்தக் கண்ணும் போயிருக்கும் என்றார். எஞ்சினைப் பிரித்துப் பார்க்கக் கண் இல்லாவிட்டால் அவன் வீட்டில் அடுப்பு எரியாது. இரண்டு பெண்பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அதன்பிறகு மைனி என் கடையை விட்டு இறங்கவில்லை.

"கூட்டத்தை யூதருன்னு சொல்லிக் கத்த விடுத சீனை எடுத்துரு. இல்லன்னா உனக்க பிலாத்து அழுகத நிறுத்து."

"ரெண்டுக்கும் என்ன சம்பந்தம் மைனி?"

"நீ அழுதா சனம் உன்னை விட்டுட்டு அவனை எறியும், அதாக்கும் சம்பந்தம். பிலாத்து நல்லவனாம், பாவமாம்! கோயில் காணிக்கையை எடுத்து கால்வாய் வெட்டுனவன். கேக்க வந்த சனத்துக்கு இடையில சேவுகன்மாரை மாறுவேசத்துல விட்டு அடிச்சே கொன்னவன். கடைசியில இவனுக்க கொடுமை தாங்காம சனம் மேலிடத்துல புகார் குடுத்து, ரோமாபுரிக்குத் திருப்பி விளிச்சாச்சு. அவன் உனக்க நாடகத்துல மூக்கைச் சிந்துதான்."

"பின்ன நற்செய்தியில அவன் தயங்கினதாட்டுதானே இருக்கு?"

"அது எப்ப எழுதினது? எருசலேமையும் கோயிலையும் ரோமைக்காரன் எரிச்சுத் தள்ளுன காலத்தை ஒட்டி. எழுதினவங்க யாருக்க ஆட்சியில இருந்தாங்க? அவனுக்க ஆட்சியில. ஆளுதவனைக் கொலைகாரன்னு எழுதிட்டு தலையோட நடக்க முடியுமா மக்கா? பக்கத்து வீட்டுக்காரனைச் சொன்னா கேக்க ஆளில்ல. சொல்லியாச்சு. அந்தப் பழியை அந்தச் சனம் எத்தனை நூறு வருசம் சுமந்திச்சு தெரியுமா? வெளிநாட்டுல இதே மாதிரி பெரிய வெள்ளி நாடகம் பாத்துட்டு, கம்பும் கல்லும் எடுத்துட்டு யூதத் தெருவுக்குப் போயிருக்கானுவ."

நமக்கு யூதத் தெரு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "இல்லல்லா? அதான் மெக்கானிக்கை எறியுதீங்க" என்றாள். சாமியாரிடம் போய் முறையிட்டேன். டீச்சர் சொல்வது சரிதான், யூதர் மேல் பழி போடக் கூடாது என்று திருச்சபையே சொல்லியாச்சு, ஆனால் நாடகத்தில் கை வைத்தால் ஊர் சும்மா இருக்காது, நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல தீர்ப்பு!

மெக்கானிக்கும் தன் வேடத்தை விடமாட்டேன் என்றான். "மேடையில எனக்க ஒரு அலறலுக்கு ஊரே நடுங்குது லே. அதை விட்டுட்டு நான் வீட்டுல இருந்து சீரியலா பாக்க?" மைக்கில் மண் எறியாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தோம். சொன்ன பிறகுதான் அதிகமாக எறிந்தார்கள். கடைசியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். மெக்கானிக் கூலிங் கிளாஸ் போட்டுக்கொள்ளட்டும். கண்ணும் தப்பும், நாடகமும் நடக்கும். இதற்காவது மைனி என்னைப் பாராட்டுவாள் என்று நினைத்தேன்.

"கைப்பாஸுக்கு கூலிங் கிளாஸா? எந்த வரலாறுல லே இருக்கு?" என்று அதையும் பிடுங்கிப் போட்டாள். சவத்தை, இவளுக்கு அவன் கண் வேண்டுமா, வரலாறு வேண்டுமா? இரண்டும் வேண்டுமாம்!

அந்த வருடம் பெரிய வெள்ளியன்று மத்தியானம், கடையில் பெட்டியைத் திறந்து உடுப்புகளைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நாடகத்துச் சாமான் எல்லாம் என் பொறுப்பு. திருநாளுக்கு எடுத்துக் கொடுப்பேன், முடிந்ததும் எண்ணி வாங்கிப் பூட்டுவேன். மெக்கானிக் தன் சரிகை அங்கியை வாங்கி உதறிப் பார்த்தான். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மைனி திடீரென்று எழுந்தாள்.

"ஓ, இங்கயாக்கும் இருக்கு!"

"என்னது மைனி?"

"எருசலேம்லயும் இப்படித்தான். தலைமைக்குருவுக்க திருநாள் அங்கியை ரோமைக்காரன் அவனுக்க கோட்டைக்குள்ள பூட்டி வச்சிருந்தான். திருநாளைக்கு எடுத்துக் குடுப்பான், முடிஞ்சதும் வாங்கி வச்சிடுவான். கைப்பாஸை பதவியில வச்சதும் ரோமைக்காரன், தூக்கினதும் ரோமைக்காரன்." இதைச் சொல்லிவிட்டு என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். இதை வைத்து ஏதோ செய்யப்போகிறாள் என்று எனக்கு அப்போதே பட்டது. எட்டு முழத் தலைப்பாகையைக் காணவில்லை என்ற பதற்றத்தில் அதை மறந்துவிட்டேன்.

சாயங்காலம் நாடகம் தொடங்கியது. கோயில் முன்னால் மணல் தெரியாத அளவுக்குக் கூட்டம். நான் சிம்மாசனத்தில் உட்கார்ந்தேன். மெக்கானிக் அங்கியும் தாடியுமாக வந்து நின்று அலற, அவன் ஆட்கள் கூடவே கத்தினார்கள். முன்வரிசை மணலுக்குக் குனிந்தது. அப்போது மேடைப் படியில் முட்டுவலியோடு முனகிக்கொண்டு ஒருத்தி ஏறுகிறாள். நூல்சேலை, மூக்குக்கண்ணாடி, தோளில் ஹேண்ட்பேக். நேராகப் போய் மெக்கானிக்குக்குப் பக்கத்தில் நின்றாள். குனிந்தவர்களில் பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள், மணலோடு அப்படியே நின்றார்கள். பின்னாலிருந்து வந்த ஒரு பிடி மட்டும் அவள் கண்ணாடியில் பட்டுச் சிதறியது. மைனி திரும்பிப் பார்க்கவில்லை.

"மைனி, கீழ இறங்குங்க, லைவ் போகுது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அதை மைக் மஸ்கட் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

"இறங்குதேன். தேசாதிபதியிட்ட ஒரு சந்தேகம் கேக்கணும். இந்தக் கைப்பாஸு உடுத்திருக்க அங்கி யாருக்க பெட்டியில இருந்து வந்திச்சு?"

கூட்டம் சிரித்தது. எனக்கும் வேறு வசனம் வரவில்லை. "எனக்க பெட்டியில இருந்துதான்."

"நாடகம் முடிஞ்சா?"

"வாங்கிப் பூட்டுவேன்."

"ஈட்டியும் பிடிச்சிட்டு நிக்க இவனுவ யாருக்க ஆளு?"

"எனக்க ஆளு."

"சிலுவையில அறைய உத்தரவு போட இந்த எருசலேம்ல உன்னை விட்டா வேற யாருக்காவது அதிகாரம் உண்டா?"

சிரிப்பு நின்றுவிட்டது. நான் மெக்கானிக்கைப் பார்த்தேன். வரப்போகிற மண்ணுக்கு அவன் ஏற்கெனவே தலையைக் குனிந்து, இருக்கிற ஒற்றைக் கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நின்றான். இத்தனை வருடம் சிம்மாசனத்தில் நான் கண்ணீர் விட்ட நேரமெல்லாம் அவன் இப்படித்தான் நின்றிருக்கிறான் போல. எனக்கு வந்த ஆத்திரம் மைனி மேலா, ஊர் மேலா என்று தெரியவில்லை. எழுந்து நின்று நாடகக் குரலில் கத்தினேன்.

"இல்லை! எனக்கு மட்டும்தான் அதிகாரம்! இவரைக் கொல்வது நான்தான்!"

முன்வரிசையில், வருடா வருடம் என்னைப் பார்த்து அழுகிற கிழவி, மெதுவாக எழுந்து, "அட பாவி மட்டை!" என்று கையிலிருந்த மண்ணை என் முகத்துக்கு நேராக விட்டெறிந்தாள். அவ்வளவுதான். ஊரில் இருந்த மணல் எல்லாம் என் மேல் வந்தது. கை கழுவ வைத்திருந்த தண்ணீரில் கண்ணைக் கழுவிக்கொண்டு, தடவித் தடவித் தீர்ப்பைச் சொல்லி முடித்தேன். அதற்குப் பிறகு இன்றுவரை மண் எனக்குத்தான். மெக்கானிக் சுகமாக அலறிவிட்டு, மறுநாள் காலையில் வழக்கம்போல எஞ்சின் பிரிக்கிறான்.

அன்றைக்குப் படுதாவுக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் என்னை உட்கார வைத்தார்கள். கண்ணைத் திறந்தால் முள் குத்துகிற மாதிரி இருந்தது. மெக்கானிக் என் தாடையைப் பிடித்துத் தூக்கி, தன் ஒற்றைக் கண்ணை என் முகத்தருகே கொண்டுவந்து, சரிகை அங்கியின் நுனியைத் திரித்து என் கண்ணிலிருந்து மண்ணை எடுத்துக்கொண்டிருந்தான். "அனங்காத இரு லே. நல்லாட்டு தெரியுது எனக்கு" என்றான். அவன் மூச்சு என் முகத்தில் பட்டது.

மைனியின் முனகல் பக்கத்தில் கேட்டது. நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன். இவ்வளவுக்குப் பிறகு யாராக இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்வார்கள்.

"ஆனா கடைசியில நீ சொன்னது தப்பு மக்கா" என்றாள். "பிலாத்து ஒருநாளும் கொன்னது நான்தான்னு சொன்னதில்ல. அவனும் சொல்லல, அவனை அனுப்புனவனும் சொல்லல, அவனுக்குப் பொறவு வந்தவனும் சொல்லல."

"அப்ப என்ன எளவுக்கு மைனி என்னைச் சொல்ல வச்சீங்க?" என்று கண்ணைத் திறக்காமலே கத்தினேன்.

"ஒருத்தனாவது சொல்லட்டும்னுதான்" என்றாள்.